படகுக்கு அடித்த ஆறு சன்னல்

போன மழையிலேயே தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுச் சுவர் சரிந்துவிட்டது. அடுத்த மழைக்குள் ஒதுங்க இடம் வேண்டும். என் பெண்சாதி ஈஸ்வரிக்கு இளைப்பு. ஈரக்காற்று நெஞ்சில் பட்டால் அவளுக்குப் பேச்சே வராது.

எங்கள் ஏலத்தோட்டத்துக் குளத்தங்கரையில் பழைய படகு ஒன்று கிடந்தது. அணையில் டூரிஸ்டுகளை ஏற்றின பைபர் படகு. முதலாளி ஏதோ ஆசையில் லாரியில் கொண்டுவந்து இறக்கியவர், அப்புறம் மறந்துபோனார். கூரை நல்ல கூரை. ஆறு சன்னலும்தான் வெறும் ஓட்டை. அதில் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமை வருவேன். ஆறுலயும் கண்ணாடி நிக்கணும். நின்னா இருந்துக்க, இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றார்.

எனக்கு ஸ்டோரில் வேலை. ஏலக்காயைச் சூடேற்றிக் காயவைக்கிற அறை அது. சூடு கசிந்தால் காயின் பச்சை போய்விடும். இருபது வருசமாக எதை அடைத்தாலும் மயிரிழை இடமில்லாமல் அடைத்த கை. படகுக்கும் அதே கைதான் போனது. காகிதத்தில் அளவெடுத்து, போடிக்கு இறங்கி, கொளுத்துகிற வெயிலில் உட்கார்ந்து ஆறு மரச்சட்டம் அடித்தேன். கண்ணாடிக் கடைக்காரர், "சட்டத்துக்குள்ள ஒரு நூலாச்சும் எடம் விடுப்பா" என்றார். ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம்.

"ஆடக் கூடாதுண்ணே. நீங்க வெட்டுங்க."

வெள்ளிக்கிழமை மாட்டினோம். ஈஸ்வரி உள்ளே நின்று பிடிக்க, நான் வெளியே நின்று தட்டித் தட்டி ஏற்றினேன். ஒரு பொட்டுக் காற்று வரவில்லை. அவள் படகுப் பலகையில் சாய்ந்துகொண்டு, "மூச்சு லேசா வருதுய்யா" என்றாள். ரெண்டு பேரும் அன்றைக்கே சாமான்களை ஏற்றிவிட்டோம்.

சனிக்கிழமை முழுக்க மூடுபனி. வெயிலில் காய்ந்த மரம் பனியைக் குடித்துப் பெருத்தது. பைபர் இடம் கொடுக்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது கண்ணாடி. டக்கென்று ஒன்று வெடித்தது. காப்பி குடிக்கும்போது இன்னொன்று. ஞாயிறு விடியறதுக்குள் நாலு.

சூப்பர்வைசர் உக்கிரபாண்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன வெள்ளத்தொரை, படகுக்குள்ள ஏலக்கா காயப்போட்டியா மாப்ளே?"

முதலாளி ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. "எத்தன நிக்குது?"

"ரெண்டு மொதலாளி. சட்டத்தச் செதுக்கிட்டு வேற மாட்டிர்றேன், ரெண்டு நாளு..."

"உக்கிரபாண்டி, உன் மச்சினன் கேட்டான்ல? அவனுக்கு விடு."

ஜீப்பு போனதும் உக்கிரபாண்டி சொன்னார்: "சில்லப் பொறுக்கிட்டு எறங்கு. வர்றவ புள்ளத்தாச்சி, கால்ல குத்திரும்." ஈஸ்வரி மண்டி போட்டுப் பொறுக்கினாள். இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு, "அந்த மூலையில கெடக்கு பாரு ஆத்தா" என்று காலால் காட்டினார்.

சிலமலைக்குப் போக லோடு ஜீப்புக்குக் காத்திருந்தோம். அங்கே அவள் தங்கச்சி வீடு. அந்த வீட்டிலும் நாலு நாளைக்கு மேல் முகம் கொடுக்க மாட்டார்கள். அப்போதுதான் அந்த மச்சினன் சின்ராசு, உக்கிரபாண்டி போன் போட்டதும் கிளம்பி, தேவாரத்திலிருந்து வந்து இறங்கினான். கூட அவன் பெண்சாதி, ஏழு மாச வயிறு. அவளைப் படகில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் ஓடிவந்தான்.

"அண்ணே, ஏண்ணே வெடிச்சுச்சு? நாளைக்கிப் போடிக்குப் போறேன். எப்பிடி வெட்டச் சொல்ல?"

எனக்குத் தெரியும். ஒரு நூல் இடம். அவ்வளவுதான்.

"நான் மட்டமான கண்ணாடி வாங்கிட்டேன் தம்பி. நீ நல்லதா வாங்கு. இறுக்கி அடி. எடம் விட்டா பனி உள்ள வந்துரும்."

ஈஸ்வரி கிழிந்த விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அந்தப் புள்ள..." என்று ஆரம்பித்தாள். இளைப்பு மேலே சொல்லவிடவில்லை. நான் அவள் தோளைப் பிடித்து ஜீப்புக்குள் தள்ளினேன்.

"நல்லவேள கேட்டேண்ணே" என்று சின்ராசு கும்பிட்டான்.