ரிவர்ஸ் எடுக்கும்போது யாரும் பேசக் கூடாது

எங்கள் தெருவில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் வாத்தியாரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பல் டாக்டரிலிருந்து பால் பூத் அம்மா வரை அந்த மஞ்சள் காருக்குள் கண் கலங்காதவர் கிடையாது. கலங்கினாலும் கற்றுக்கொண்டுதான் இறங்குவார்கள். கற்றுக்கொள்ளாமல் இறங்கியவர் ஒரே ஒருவர். அது அவர் மனைவி.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தம்மா ரிவர்ஸ் எடுக்கும்போது வாத்தியார் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.  அந்தம்மா வண்டியை நிறுத்தி, சாவியைப் பானட்டின் மேல் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். நாலு வீடு தள்ளித்தான் வீடு. ஆனாலும் அந்த நடையைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பார்க்காதவர்கள் யார்? எல்லா ஜன்னலும் திறந்துதானே இருந்தது.

அந்தம்மாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. தூங்குகிற குழந்தைக்கு ஊசி குத்தினாலும் குழந்தை புரண்டு படுக்காது, அப்படி ஒரு கை. அந்தக் கை இந்த வருடம் வாத்தியாருக்குத் தெரியாமல், மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற எதிரி ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டது. தெருவுக்கே தெரிந்து நாலு மாதம் கழித்துத்தான் வாத்தியாருக்குத் தெரிந்தது. நாங்களும் மூச்சு விடவில்லை. விட்டால் சுவாரசியம் போய்விடுமே.

"சனி ஞாயிறு கடலுக்குப் போறோம். நான்தான் ஓட்டுவேன்," என்றார் அந்தம்மா. "நீங்க பக்கத்துல உட்காரலாம். ஆனா ஓட்டறதப் பத்தி ஒரு வார்த்தை வாயில வந்துச்சுன்னா, அங்கயே இறங்கி பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்துடணும்."

"நான் எதுக்குப் பேசப் போறேன்," என்றார் வாத்தியார். அந்தத் தொண்டையை நம்பி அவர் கொடுத்த முதல் வாக்கு அது.

ஸ்கூல் காரில் அவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. வீட்டுக் காரில் ஏது? இல்லாத பிரேக்கை அவர் கால் மூன்று மணி நேரம் மிதித்துக்கொண்டே வந்தது.

"என்னங்க பண்றீங்க கீழ?"

"கால் மரத்துப்போச்சும்மா."

கடற்கரை ஊருக்குப் பிரிகிற இடத்தில் ஒரு போர்டு வந்தது. லாரிக்குப் பின்னால் போன அந்தம்மாவுக்கு அது தெரியவில்லை. வாத்தியாருக்குத் தெரிந்தது. வழி சொல்வது ஓட்டுவதில் சேர்த்தியா இல்லையா என்று மனசுக்குள் ஒரு வழக்கு நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் போர்டு பின்னால் போய்விட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து ரோடு முடிந்து கடல் வந்தது. ஆனால் அது வேறு ஊர். நீச்சல் குளத்தோடு ரூம் போட்டிருந்த ஓட்டல் அங்கே இல்லை. நாலு தெரு, நிறைய படகு, ஒரு டீக்கடை.

"போர்டைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"சொல்லலையே?"

"பக்கத்துல பஸ் ஸ்டாப் ஒண்ணும் கண்ணுல படல. இறக்கிவிட்டா எங்க போய் நிக்கறது?"

அந்தம்மா இன்ஜினை அணைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். "போதும், இந்த ஊரே இருக்கட்டும்," என்றார்.

ஒரு சந்தின் கடைசியில், கயிற்றுக் கடைக்கு மேலே ரூம் கிடைத்தது. ஒரு கட்டில், ஒரு ஃபேன், கடலைப் பார்த்த ஒரு ஜன்னல். உள்ளே இருப்பவர் காலால் முட்டுக் கொடுத்தால்தான் பாத்ரூம் கதவு நிற்கும். அந்தம்மா அத்தனையையும் அனுபவித்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடந்தார். காகிதத்தில் மடித்துக் கொடுத்த பொரித்த மீனை விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டார். நண்டைத் துரத்திய நாய் நண்டுக்குப் பயந்து ஓடியதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். காற்றில் இரண்டு மணி நேரம் பகல் தூக்கம் போட்டார்.

வாத்தியார் வண்டி நின்ற சந்தின் நீளத்தை அளந்தார். சும்மா உலாவுகிற மாதிரி அடி மேல் அடி வைத்து அளந்ததில் நூற்று நாலு அடி. இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசுகிற படகுகள். வண்டியைத் திருப்ப இடமே இல்லை. நாளைக்கு முழுக்க ரிவர்ஸ். கடல் எந்தத் திசையில் இருந்தது என்று கேட்டால் அன்றைக்கு அவரால் சொல்லியிருக்க முடியாது.

ஞாயிறு விடிந்ததும் அந்தம்மா எழுவதற்கு முன்னால் வாத்தியார் ஜன்னலில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். வெளியே எடுத்து நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது, ஒரு சண்டை மிச்சம். வாசல் கூட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா நிமிர்ந்தார்.

"சார்தான் எடுக்கறீங்களா? நேத்து அக்கா உள்ள கொண்டுவந்ததைத் தெருவே நின்னு பார்த்துச்சு. எங்க வீட்டுக்காரரே இந்தச் சந்துல வண்டிய விடமாட்டாரு."

வாத்தியார் சாவியை உள்ளங்கையில் மறைத்தார். "கண்ணாடியை வண்டியில விட்டுட்டேன், அதான்."

"மூக்குல இருக்கே, சார்."

மேலே போய்ச் சாவியை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

பத்து மணிக்கு அந்தம்மா வண்டியைக் கிளப்பியதும் ஊர் கூடிவிட்டது. தார் பூசுகிறவர், டீ ஆற்றுகிறவர், வலை காயப்போடுகிறவர், ஆளுக்கொரு கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். "லெஃப்ட்ல ஒடிங்கக்கா." "ஒடிக்காதீங்க, நேரா வாங்க." "படகு, படகு." அந்தம்மாவின் கை ஸ்டியரிங்கில் நின்றுவிட்டது. அந்த முகத்தை வாத்தியார் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறார்.

கதவைத் திறந்து இறங்கினார்.

"யாரும் பேசக் கூடாது," என்றார், ஸ்கூல் குரலில். "ஓட்டறவங்களுக்குத் தெரியும். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

"எந்தப் பக்கம்ணே?"

"கடலைப் பாருங்கப்பா. பிறந்ததுலேருந்து பார்க்கற கடல்தானே, இன்னொரு தடவை பாருங்க."

அவரும் திரும்பி நின்றார். முதுகுக்குப் பின்னால் வண்டி நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. நிற்கிற ஒவ்வொரு தடவையும் வாத்தியாருக்கு ஒரு வயது கூடியது. பிறகு சத்தம் சந்து முனையைத் தாண்டி, கடற்கரை ரோட்டில் ஏறி, தேய்ந்து மறைந்தே போனது.

"அக்கா விட்டுட்டுப் போயிட்டாங்களேண்ணே," என்றார் தார் பூசுகிறவர்.

பத்து நிமிடம் கழித்து வண்டி சந்து முனைக்கு வந்து நின்றது. அந்தம்மாவின் தலைமுடி முழுக்கக் காற்று.

"வண்டியில யாருமே இல்லாம ஓட்டினதே இல்லங்க. அதான், ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்."

வாத்தியார் பைகளைப் பின் சீட்டில் வைத்தார். முன் கதவில் கை வைத்தவர், கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னொரு ரவுண்டு போயிட்டு வாயேன். நான் டீ குடிக்கிறேன்."

அந்தம்மா அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். வாத்தியார் கவிழ்ந்த படகின் மேல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். மூன்றாவது கியர் விழுந்த சத்தம் கொஞ்சம் தாமதம். திறந்த வாயில் டீயை வைத்துக்கொண்டார்.