கோல் காவலனின் தாய் கேட்ட உதவி

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஞானம்பிகை அறுபது ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரித்து, மகனின் கண்ணில் ஒன்றைக்கூடக் காட்டாமல், சியாகுல்லிக்கு பஸ் ஏறினாள். மகன் அந்த நேரம் பல்வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தான். அந்த நாளாகப் பார்த்து அவனுக்கு நேரம் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். வேலை செய்கிற வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் தலையிடி என்று சொல்லியாயிற்று. கெட்டிக்காரி, சந்தேகமே இல்லை. அன்றைக்கு அந்தக் கெட்டித்தனம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவே, பழம் அடுக்குவதை விட்டுவிட்ட குளிர்க்கிடங்கு ஒன்று இருக்கிறது. நத்தார் காலத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடப் போடுகிற பனித்தளம் ஒன்றை யாரோ அதற்குள் கொண்டுவந்து விரித்துவிட, சிசிலித் தீவின் பலேர்மோ நகருக்கும் ஓர் ஐஸ் ஹொக்கிக் கழகம் முளைத்துவிட்டது. கூட்டி எண்ணினால் பதினான்கு பேர். கோல் காக்கிறவன் ஞானம்பிகையின் மகன் அனுசன். வயது பதினேழு, உயரம் ஆறடி ஐந்தங்குலம். நகரின் கால்சாப் பகுதியில் அவர்களுடைய வீட்டுக் குசினி விளக்கைத் தலையால் முட்டி உடைத்தது மூன்று தரம். பனியில் நிற்கப் பழகி இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆள்தான் வளர்த்தி, விளையாட்டு இன்னும் பிஞ்சு.

அந்தப் பிஞ்சைப் பார்க்கக் கனடாவிலிருந்து ஆள் வரப்போகிறது என்றால் தாய்க்கு நித்திரை வருமா? வருகிறவள் பெயர் றோசமலர். ரொறன்ரோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அங்கே ஓர் இளையோர் கழகத்துக்கு ஆள் தேடித் திரிகிறவள். கோடையில் கழகங்கள் எல்லாம் கூடி, வெளிநாட்டுப் பிள்ளைகளை ஒருவர் மாறி ஒருவர் பெயர் சொல்லித் தெரிந்தெடுக்கும். அதற்குத்தான் டிராப்ட் என்று பெயர். றோசமலரின் பட்டியல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும். அனுசனின் பெயர் அதில் ஏறினால் ஓகஸ்டில் கனடா. ஏறாவிட்டால் அடுத்த வருடம் வயது கடந்துவிடும், கதை முடிந்தது.

ஞானம்பிகைக்குப் பயம் பிடித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு முன்னால் பிள்ளை நாலைந்து கோலை விட்டுவிட்டு முகம் கறுத்து நின்றால்? அதுதான் றோல்ஸ். அணித்தலைவன் சால்வோ மீன்சந்தையில் பெட்டி தூக்கித் தோள் முறுகியவன். அவன் அடிக்கிற அடியில் கிடங்குச் சுவரே சொட்டை விழுந்து கிடந்தது. அவனிடம் எட்டு றோல்ஸைக் கொடுத்து, “ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் மெதுவாக அடி மகனே, மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லு” என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேட்டாள். எல்லாருடைய வாயும் நிறைந்திருந்தபடியால் ஒருவனும் மறுத்துப் பேசவில்லை.

ஞாயிறு காலை றோசமலர் வந்தாள். தடித்த கோட்டு, கையில் டப்லெட், நேரே தளத்தோரம் போய் நின்றாள். பெடியள் வரிசையில் வந்து அடித்தார்கள். கறுப்பு ரப்பர் வட்டு ஒவ்வொன்றும் சாமி கும்பிடப் போவதுபோல அனுசனிடம் ஊர்ந்து வந்தது. நாற்பது அடி, நாற்பதையும் பிடித்தான். ஞானம்பிகைக்குத் தரையில் கால் பாவவில்லை. அனுசனின் முகம் மட்டும் வரவர இறுகிக்கொண்டு வந்ததை அவள் கவனிக்கவில்லை. றோசமலர் ஒரு எழுத்தும் எழுதாததையும் கவனிக்கவில்லை.

“அக்கா, நல்ல உயரமான பிள்ளை,” என்று றோசமலர் டப்லெட்டை மூடினாள். “ஆனா எழுத ஒண்டும் இல்லை.”

“நாப்பதும் பிடிச்சவனெல்லே?”

“ஓம். இந்த நாப்பதையும் நானே பிடிச்சிருப்பன். கோல் விழுந்தாப் பிறகு பிள்ளை என்ன செய்யுது எண்டு பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தனான். ஒண்டும் விழேல்லை. ஒரு மணிக்கு எயார்போட்டிலை நிக்கவேணும் அக்கா, நான் போட்டு வாறன்.”

ஞானம்பிகை வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பிள்ளை வீட்டோடு இருப்பான், சுடச்சுடச் சாப்பிடுவான், நாலாவது விளக்கையும் உடைப்பான். உண்மையைச் சொன்னால், அந்த நினைப்பு ஒரு நிமிசம் அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. பிறகு வலைக்கு முன்னால் ஒற்றையாய் நின்ற மகனைப் பார்த்தாள்.

“தங்கச்சி, பொறுங்கோ. அது நான் செய்த வேலை,” என்று தொடங்கி, பல்வைத்தியர் முதல் றோல்ஸ் வரை ஒப்புவித்தாள்.

றோசமலர் அவளை ஏறஇறங்கப் பார்த்தாள். “றோல்ஸ் மிச்சம் இருக்கோ?”

“எல்லாம் முடிஞ்சுது.”

“அநியாயம். சரி, அரை மணித்தியாலம் தாறன்.”

அனுசனுக்கும் எல்லாம் கேட்டது. “என்னம்மா இது, நான் சின்னப்பிள்ளையே?” என்றான். சால்வோவிடம் திரும்பி, இனி மெதுவாக அடித்தால் சாகும்வரை உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சிசிலிக்காரர் மாதிரியே கையை ஆட்டிச் சொன்னான்.

அதற்குப் பிறகு விழுந்தது அடி. கிடங்கு அதிர்ந்தது. ஒவ்வொரு தரம் தடி ஓங்கும்போதும் ஞானம்பிகை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காது மட்டும் எண்ணியது: வலைக்குள் போனது ஒன்பது. றோசமலரோ நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தாள். நாசமாய்ப் போச்சு, எல்லாக் குறையையும் எழுதுகிறாள் என்று ஞானம்பிகை நினைத்தாள்.

அரை மணித்தியாலம் முடிய றோசமலர் அவள் பக்கம் திரும்பினாள். “அக்கா, பாத்தனீங்களே? ஒருக்கா விழுந்த மூலையிலை அடுத்த அடியை விழவிடேல்லை. கோல் விழ விழ ஒரு அடி முன்னுக்கு வாறான், அதோடை சிரிக்கிறான். சறுக்கப் பழக்க எங்களிட்டை ஆக்கள் இருக்கினம். இதை ஆராலையும் பழக்கேலாது. நீங்கள் ஓம் எண்டால் பேரைப் போடுறன்.”

ஞானம்பிகை திரும்பிப் பார்த்தாள். அனுசன் தலைக்கவசத்தை மேலே தள்ளிவிட்டு, வியர்வை ஒழுகச் சால்வோவோடு சிரித்துக்கொண்டிருந்தான். ஒன்பதையும் தாங்கமுடியாமல் நின்றது அவனில்லை, தான்தான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. ஓகஸ்டை நினைக்க அழுகையும் வந்தது.

“போடுங்கோ,” என்றாள்.

அனுசன் சறுக்கிக்கொண்டு வந்தான். “அம்மா, கடைசியா ஒண்டைப் பாய்ஞ்சு பிடிச்சனே, பாத்தனீங்களே?”

“இல்லையடா. கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்.”

“எல்லாத்துக்குமோ?”

“எல்லாத்துக்கும்தான்.”

அவன் திரும்ப வலைக்குப் போய்க் குனிந்து நின்றான். “அப்ப இதையெண்டாலும் பாருங்கோ.”

சால்வோ தோளின் முழுப்பலத்தோடும் தடியை ஓங்கினான். ஞானம்பிகை தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், கண்ணை மூடவில்லை. மகன் பாய்ந்ததையும், வட்டு அவன் கையுறையைத் தட்டிக்கொண்டு வலைக்குள் போனதையும் முழுக்கக் கண்டாள்.

“பத்து,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.