சுவிட்ச் இல்லாத சுவர்

இனிமேல் விளக்கைப் போடச் சொல்லி யாரைக் கூப்பிடுவது?

இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதர் கண் முன்னால் உயிரில்லாமல் கிடக்கும்போது மனதில் முதலில் வந்து நின்ற கேள்வி இதுதான். அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஈரத்துணியால் கணவரின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தவள், உள்ளே நினைத்தது யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. சுவரோரமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் சொந்தக்காரர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நல்ல வெயில். கூடத்துத் திரைச்சீலைகள் மட்டும் இழுத்து மூடியபடி கிடந்தன. அவர் சொன்னால்தான் அவை திறக்கும்.

அப்போது விளக்கு அணைந்தது.

"என்ன, கரண்ட் போச்சா?" என்றது ஒரு குரல்.

"அதெல்லாம் இல்ல. யாராவது கையை ஆட்டுங்க," என்றாள் நாத்தனார். "ஆள் அசையலைன்னா அதுவா அணைஞ்சிடும். இந்தக் கூடத்துக்கு மட்டும் எங்க அண்ணன் புதுசா வச்ச ஏற்பாடு."

இருட்டில் நாலைந்து கைகள் எழுந்து ஆடின. விளக்கு எரிந்தது. பஸ்ஸை நிறுத்தக் கைகாட்டியவர்கள்போல் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கைகளை மெல்ல மடியில் இறக்கினார்கள். கூரை மூலையில் இருந்த சின்ன வெள்ளைக் குமிழ் அசைகிறவர்களை மட்டும்தான் மனிதர்களாகக் கணக்கில் எடுக்கும். குலுங்கி அழுதால் எரியும். மனசுக்குள் அழுகிறவர்களுக்கு இருட்டுதான்.

அவள் இன்னும் எந்த வகையிலும் அழவில்லை.

சொந்தத்தில் அவருக்கு 'ரிமோட்' என்று பெயர். வீட்டுக்கு டிவி வந்த நாளிலிருந்து அவர் கையைவிட்டு இறங்காத பொருள் அது. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில், தூங்கும்போது தலையணைக்குக் கீழே. பட்டப்பெயர் காதில் விழுந்தால் அவருக்குக் கோபம் வராது, உள்ளூரப் பெருமைதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டையே ரிமோட் ஆக்கிவிட்டார்.

"சுவர்னா சுத்தமா இருக்கணும். அங்கங்க சுவிட்ச் போர்டு என்ன, அம்மைத் தழும்பு மாதிரி?" என்றார். பலகைகளைப் பெயர்த்து, பள்ளங்களைப் பூசி, மேலே வண்ணம் அடித்தார்கள். விளக்கு, மின்விசிறி, திரைச்சீலை, குளிப்பதற்குச் சுடுதண்ணீர் எல்லாம் அவர் குரலுக்கும் அவர் போனுக்கும் கட்டுப்பட்டன. அதற்குப் பிறகும் வெகு நாள் வரைக்கும், ஒரு அறைக்குள் நுழைந்ததும் அவள் கை தானாகச் சுவரைத் தடவும். வழவழவென்று ஒன்றுமே இருக்காது.

சிஸ்டம் போட்டுக்கொடுத்தவர், முடிக்கிற அன்று, "அம்மா குரலையும் பழக்கிடலாம் ஐயா," என்றார். அவளைக் கூடத்து நடுவில் நிற்கவைத்தார்கள். அலமாரி மேல் இருந்த கறுப்பு உருண்டையைப் பார்த்து அவள், "விளக்கைக் கொஞ்சம் போடுங்க," என்றாள்.

இரண்டு ஆண்களும் சிரித்த சிரிப்பு இன்னும் அந்தக் கூடத்தில்தான் எங்கோ இருக்கிறது.

"மெஷினுக்குப் போய் மரியாதையா! அது என்ன உன் மாமனாரா?" என்றார் அவர். இரண்டாம் தடவை அவளுக்குக் குரலே எழும்பவில்லை. "விடுங்க, இவளுக்கு வேணும்னா என்னைக் கூப்பிடுவா," என்று முடித்துவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையை அவள் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பார். அவளும் காப்பி டம்ளர்களை வைத்துவிட்டுச் சிரிப்பாள்.

அப்படித்தான் அவள் கூப்பிடத் தொடங்கினாள். அவர் வெளியே போயிருந்தால் போன் பண்ண வேண்டும். "எந்த ரூம்ல இருக்க?" என்பார் அவர். சமையலறை என்றோ குளியலறை என்றோ சொல்ல வேண்டும். வேறெங்கோ நண்பர்களோடு உட்கார்ந்தபடி ஒரு தட்டுத் தட்டுவார். வெளிச்சம் வரும். பின்னால் அவர்கள் சிரிப்பதும் சில நேரம் கேட்கும்.

ஒரு தடவை சண்டை. அக்கா வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அவள் சொன்னதில் ஆரம்பித்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். இருட்டியது. விளக்கு வரவில்லை. அவருக்குப் போன் பண்ணினாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. சமையலறை ஜன்னலில் விழுந்த தெருவிளக்கின் ஒளியில் ஸ்டூலைப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தவர், "அடடா, மறந்தே போயிட்டேனே," என்றார். மறந்தாரா, மறந்ததுபோல் இருந்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. அதற்குப் பிறகு அவள் சண்டை போட்டதெல்லாம் பகலில்தான்.

பின்பக்கத்து அறையை, சத்தம் வெளியே போகாதபடி சுற்றிலும் பஞ்சுப்பலகை அடித்து, சினிமா கொட்டகையாக மாற்றி வைத்திருந்தார். காலையும் முதுகையும் தானாகவே பிடித்துவிடும் நாற்காலி அங்கே இருந்தது. படம் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவது அவர் வழக்கம். இன்று காலை காப்பியோடு போனபோது திரை நீலமாக வெறுமனே ஒளிர்ந்தது. நாற்காலி அவர் முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது. அவர் தோள்கள் லேசாக ஏறி இறங்கியதால் மூச்சு விடுகிறார் என்றே நினைத்தாள். தொட்ட பிறகுதான் தெரிந்தது.

"நிறுத்து," என்றாள் அவள். பிறகு, "நிறுத்துங்க." அது கேட்கவில்லை. உயிர் போன மனிதரை அது பிடித்துவிட்டபடியே இருந்தது. கடைசியில் மண்டியிட்டு நாற்காலிக்குப் பின்னால் தவழ்ந்துபோய், தூசிக்குள் கைவிட்டு, வயரைப் பிடுங்கினாள்.

மகன் வேறு ஊரில் இருந்தான். செய்தி கேட்டதும் காரை எடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் வந்துவிட்டான். வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதான். நல்ல பிள்ளை. டாக்டரை வரவழைத்ததும் வண்டிக்குச் சொன்னதும் அவன்தான்.

சாப்பாட்டு வேளை ஆனபோது கூரையிலிருந்து ஒரு பெண் குரல், "வணக்கம் ஐயா, உங்கள் பாடல்கள்," என்றது. உடனே நாலு மூலையிலிருந்தும் டிரம்பெட் வெடித்தது. சாவு வீடு துள்ளி எழுந்தது.

"நிறுத்து! நிறுத்துன்னு சொல்றேன்ல!" என்று மகன் கூரையைப் பார்த்துக் கத்தினான். அவன் குரலும் அதற்குத் தெரியாது. டிரம்பெட் முடிந்து வயலின் வந்தது. வந்தவர்களில் ஒருவர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். அழத்தான் போகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சிஸ்டம்காரர் வந்து மெயினை நிறுத்தியதும்தான் அடங்கியது. திரைச்சீலையின் ஓரம் வழியாக வந்த வெளிச்சத்தில் உடலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மகனைத் தனியே கூப்பிட்டார். அவளுக்கும் கேட்கிற தூரம்தான்.

"எல்லாத்தையும் ஐயா தன்னோட போன்லயே வச்சிருந்தாரு தம்பி. ரெண்டாவதா ஒரு ஆளைச் சேத்துக்குங்கன்னு எத்தனையோ தடவை சொன்னேன். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் போதும்னுட்டாரு."

"போனைத் திறந்துட்டா?"

"ரெண்டு நிமிஷ வேலை. உங்க போனுக்கு மாத்திக் குடுத்துடுவேன்."

"திறக்க முடியலைன்னா?"

"எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு, சுவரைக் கொத்தி, பழையபடி சுவிட்ச் வைக்கணும். ஒவ்வொரு ரூமுக்கும்." யாருக்கோ வந்த பெரிய நோயைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

ஒவ்வொரு ரூமுக்கும். அவள் தன்னையறியாமல் பின்னால் இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"அம்மா, அப்பா போனைத் திறக்கற நம்பர் உனக்குத் தெரியுமா?"

"என்கிட்ட எதுக்குப்பா சொல்லப்போறாரு?"

மகன் கையிலிருந்த அவர் போனைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். அவனுக்கும் சிஸ்டம்காரருக்கும், அருகே வந்து நின்ற நாத்தனாருக்கும் ஒரே யோசனை வந்தது. வாயைத் திறந்து சொன்னவள் நாத்தனார். "விரல் வச்சாத் திறக்கும்ல?"

போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார்கள். மகன் கட்டைவிரலைப் பிடித்துக் கண்ணாடியில் அழுத்தினான். திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினான். விறைத்த கை மணிக்கட்டிலிருந்து முரண்டு பிடித்தது. உயிரோடு இருந்தபோதும் போனை யாரிடமும் கொடுக்காதவர்.

"சூடு இல்ல தம்பி," என்றார் சிஸ்டம்காரர். "கொஞ்சம் தேய்ச்சுச் சூடு பண்ணிப் பாக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது. முயற்சிதான்."

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. மகன் அவள் பக்கத்தில் வந்து குந்தினான். கண்கள் சிவந்திருந்தன.

"அம்மா, இதை மட்டும் இப்ப முடிச்சுட்டா உனக்கு ஒரு கவலையும் இல்ல. நான் அங்கேருந்தே எல்லாம் பாத்துக்கறேன். நீ தனியா இருக்கியேன்னு எனக்கும் பயம் இருக்காது. ரெண்டு கேமரா வச்சிடறேன். ராத்திரி எழுந்துக்கணும்னா ஒரு போன் அடி, தூங்கினாலும் எடுப்பேன். எந்த ரூம்ல இருக்கேன்னு சொன்னாப் போதும்."

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தூக்கத்தில் அடித்தாலும் எடுப்பான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவன் அப்பாவிடம் கோபித்துக்கொள்ள முடிந்தது, பகலிலாவது. இவ்வளவு பாசத்தோடு விளக்கைப் போடுகிறவனிடம் எந்த நேரத்தில் கோபித்துக்கொள்வது?

நாத்தனார் குனிந்து அவள் காதருகே சொன்னாள். "அண்ணி, நீங்க கையைத் தேய்ச்சு விடுங்க. நாங்க செஞ்சாப் பாக்க ஒரு மாதிரியா இருக்கும். நீங்கன்னா, புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னு நினைச்சுக்குவாங்க."

அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது. கடைசியாக இதை எப்போது பிடித்தோம் என்று யோசித்தாள். தெருவைக் கடக்கும்போது முழங்கையைப் பிடித்து இழுத்துப் போவார், அது வேறு. கட்டைவிரலின் நுனி மட்டும் மற்ற இடத்தைவிட வழுவழுப்பாக இருந்தது. தேய்க்கவே வேண்டாம்போலிருந்தது. சும்மா பிடித்திருந்ததிலேயே அவள் சூடு அந்தத் தோலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது தெரிந்தது. இன்னும் சற்று நேரம் இப்படியே இருந்தால் போதும்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் அப்போதுதான் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி தேம்பினாள்.

"தேய்ம்மா," என்று மகன் மெதுவாகச் சொன்னான். போனை உள்ளங்கையில் ஏந்தி நீட்டியிருந்தான்.

அவள் கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற நாலையும் அதன்மேல் மூட முயன்றாள். அவை முழுவதும் மடங்கவில்லை. மடங்கிய மட்டும் போதுமென்று அந்தக் கையைப் போர்வைக்குள் விட்டு, விளிம்பை அவர் உடலுக்கு அடியில் இறுக்கிச் செருகினாள்.

"என்னம்மா பண்ற?"

"வேணாம்ப்பா."

"ரெண்டே நிமிஷம்மா. வண்டி வேற வந்துடுச்சு."

"சுவரைக் கொத்தட்டும்," என்றாள் அவள்.

தூக்க வந்தவர்கள் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மகன் குந்திய இடத்திலேயே இருந்தான். போன் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருந்த ரேகைகளைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான்.