டேங்கில் மிச்சமிருந்த காற்று

உஸ்ஸென்ற சத்தம் போர்ட்டிகோவிலிருந்து வந்தபோது தனப்பிரியா கணவனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஐஸ் பெட்டியின் மோட்டார் இரைச்சலையும் பக்கத்துப் பெண்களின் அழுகையையும் தாண்டி அது அவள் காதில் விழுந்தது. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு சத்தம். அவளுக்கு அது என்னவென்று தெரியும். யாரோ காரின் டிக்கியைத் திறந்து, காற்று டேங்கின் அடியில் இருக்கும் திருகைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

"மாமா, மூடுங்க! அதை மூடுங்க!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள். இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் துக்கம் தாளாமல் எழுகிறாள் என்று நினைத்துத் தோளைப் பிடித்து அமுக்கினார்கள்.

"அழுதுரு சாமி, வாய் விட்டு அழுதுரு" என்றாள் ஒருத்தி.

நேற்று மத்தியானத்திலிருந்து இன்று காலை வரை அவள் அழாதது அவர்களுக்கெல்லாம் பெரிய குறை. அவர்கள் பிடியை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் சத்தம் மெலிந்து நின்றுவிட்டது.

டிக்கிக்குப் பக்கத்தில் அவள் கணவனின் அண்ணன் கருப்பண்ணன் நின்றிருந்தார். முகத்தில் ஒரு நிறைவுகூட இருந்தது.

"ஒரு சொட்டுத் தண்ணி இல்ல அம்மிணி. தம்பி சுத்தமாத்தான் வெச்சிருக்கறான்" என்றார்.

நாமக்கல்லில் லாரிக்காரர்கள் காலையில் பல் துலக்க மறந்தாலும் ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட மறக்க மாட்டார்கள். கருப்பண்ணனுக்கு முப்பது வருஷப் பழக்கம். திருகைத் திறந்தால் தண்ணீரும் காற்றும் சேர்ந்து போகும். வண்டியைக் கிளப்பினால் ஐந்து நிமிஷத்தில் புதுக் காற்று ஏறிவிடும். டேங்க் என்று ஒன்றைக் கண்டதும் அவர் கை தானாகப் போய்த் திறந்திருக்கிறது. இந்தக் காரில் காற்றை ஏற்றும் மோட்டாரே இப்போது இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மணிமாறனுக்கு நாமக்கல்லில் திருச்செங்கோடு ரோட்டில் பட்டறை. லாரிகளுக்கு ஏர் பிரேக் வேலை. ஏழு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் எவனோ கொண்டுபோய் மோதிப் போட்ட இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். ஸ்பிரிங்குகளைக் கழற்றி எறிந்துவிட்டு நான்கு சக்கரத்துக்கும் ரப்பர் பைகள் வைத்தான். பைகளில் காற்று ஏறினால் கார் எழும்பும். காற்றை இறக்கினால் வயிறு தரையில் படப் படுத்துக்கொள்ளும். ஊரில் அதற்குப் படுத்த கார் என்றே பெயர். பன்னிரண்டு சக்கர லாரி வைத்திருக்கிற ஆட்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் அதையும் கேட்டுக்கொண்டு ரப்பர் பைகளுக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை காற்று ஏற்றும் மோட்டார் சூடேறுகிறது என்று கழற்றினான். கழற்றுவதற்கு முன்னால் டேங்கை நிறைத்து வைத்தான். "ஒருக்கா தூக்கறதுக்கு இருக்குது" என்றான். புதன்கிழமை பட்டறையில் சாப்பிட்ட கையைக் கழுவப் போனவன் குழாயடியிலேயே உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயசு. பட்டறை மேஜையில் அந்த மோட்டார் பிரித்தபடி கிடக்கிறது.

அவன் நிறைத்த அந்தக் காற்றைத்தான் கருப்பண்ணன் திறந்துவிட்டிருந்தார். காலையில் அவள்தான் அவரிடம் சொன்னாள், டேங்கில் காற்று இருக்கிறது, காரைத் தூக்கி வெளியே எடுத்துவிடலாம் என்று. அவன் கையால் பிடித்து அவன் கையால் மூடியது. அவன் போன பிறகும் ஒரு இரவு முழுக்க அது அங்கேயே இருந்தது. தனப்பிரியாவுக்கு அவர்மேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? புருஷன் கிடக்கிறான், இவள் காற்றுக்கு அழுகிறாள், புத்தி பிசகிவிட்டது என்பார்கள்.

கார் போர்ட்டிகோவை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஐஸ் பெட்டியை நேற்று பின்பக்கமாகத்தான் கொண்டுவந்தார்கள். இனிப் பந்தல் போட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், பாடை வெளியே போக வேண்டும். காருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். ஜாக்கி வைக்க அடியில் விரல் நுழையவும் இடமில்லை.

விஷயம் புரிந்ததும் கருப்பண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. "செரி, நான் பண்ணுன தப்பு. லாரில சங்கிலி போட்டு இழுத்துரலாம்" என்றார்.

"இழுத்தா அடியில இருக்கற பையெல்லாம் கிழிஞ்சு போயிருமுங்க மாமா. எல்லாம் அவரு பண்ணுனதுங்க."

"இனி அதை ஓட்டறதுக்கு ஆரு இருக்கறா அம்மிணி?"

கேட்ட பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

பந்தல்காரன், அப்படியானால் பின்பக்கமாகவே எடுத்துவிடலாமே என்று ஆரம்பித்தான். மணிமாறனின் அம்மா பழனியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "என்ற மகன் தலைவாசல் வழியாத்தான் போகோணும். பொடக்காணி வழியாக் கொண்டு போறதுக்கு அவனென்ன திருடிட்டா போறான்?" என்றாள்.

தெருவில் கருப்பண்ணனின் லாரி நின்றிருந்தது. தனப்பிரியா அதையே பார்த்தாள்.

"மாமா, லாரி இஞ்சினைப் போடச் சொல்லுங்க. டயருக்குக் காத்துப் புடிக்கற ஓஸைக் கொண்டாரச் சொல்லுங்க. இந்த டேங்குல டயர் வால்வு ஒண்ணு வெச்சிருக்கறாருங்க. அதுல புடிக்கலாமுங்க."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் கருப்பண்ணன்.

அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மணிமாறன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், பேசவும் மாட்டான். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை, அதைப் பற்றியும் அவன் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் "தனம், கொஞ்சம் வா" என்று கூப்பிடுவான். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் தடவுவான். எங்காவது காற்று கசிந்தால் அந்த இடத்தில் குமிழ் விடும். அவன் கண்ணைவிட அவள் கண் கூர்மை. "அங்க பாருங்க" என்பாள். அப்போது அவன் திரும்பி அவள் முகத்தை ஒரு தரம் பார்ப்பான். அந்த ஒரு பார்வைக்காக அவள் வாரம் பூராவும் காத்திருந்தாள் என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லை.

காரில் போகும்போது ஸ்விட்சுகள் அவள் பக்கம். வேகத்தடை வந்தால் "தூக்கு" என்பான், தாண்டியதும் "எறக்கு" என்பான். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போய்ச் சேர்வதற்குள் எத்தனை தூக்கு, எத்தனை எறக்கு! அவன் அவளிடம் அதிகம் பேசிய சொற்கள் அந்த இரண்டாகத்தான் இருக்கும்.

"எனக்குத் தெரியுமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

லாரி டிரைவர் சின்னண்ணன் இஞ்சினைக் கிளப்பிவிட்டு ஓஸை இழுத்துக்கொண்டு வந்தார். தெருவே அதிர்ந்தது. டேங்கின் மீட்டர் முள் மெல்ல ஏறி எண்பது பவுண்டைத் தொட்டது. ஓஸை எடுத்ததும் முள் இறங்கத் தொடங்கியது. அவள் டிக்கிக்குள் குனிந்தாள்.

"புருசன் உள்ள கெடக்கறான், இவ காருக்கு ஓடறா" என்று குத்தலாக ஒரு குரல் உள்ளிருந்து வந்தது. யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கருப்பண்ணனின் மனைவி ஸ்ரீதேவியிடம் பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தரச் சொன்னாள். ஸ்ரீதேவி ஒன்றும் கேட்காமல் ஒரு சொம்பில் நுரைக்க நுரைக்கக் கலக்கிக் கொண்டுவந்து தந்தாள். தனப்பிரியா நுரையை விரலால் எடுத்து ஒவ்வொரு இணைப்பாக வைத்தாள். மூன்றாவது இணைப்பில் குமிழ் விட்டது. திருகைத் திறக்கிற அவசரத்தில் கருப்பண்ணனின் முழங்கை அந்தக் குழாயை நசுக்கியிருக்க வேண்டும். "இங்க" என்றாள், பழக்கத்தில். பக்கத்தில் யாரும் இல்லை.

குழாயைக் கழற்ற வேண்டுமானால் முதலில் காற்றை வெளியேற்ற வேண்டும். அவளே திருகைத் திறந்தாள். உஸ்ஸென்று போனது. இந்தத் தடவை அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இது லாரிக் காற்றுதான்.

குழாயின் நசுங்கிய நுனியைச் சமமாக வெட்ட வேண்டும். கோணலாக வெட்டினால் மறுபடியும் கசியும். கத்தியால் வெட்டினால் கோணிக்கொள்ளும். கொள்ளி வைக்கப்போகும் கருப்பண்ணனுக்குச் சவரம் செய்ய வந்திருந்தவர் இவ்வளவு நேரமும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காகிதத்தைப் பிரித்து ஒரு புது பிளேடை எடுத்து நீட்டினார்.

"கையப் பாத்துக்கம்மா" என்றார்.

வெட்டினாள். இணைப்பில் தள்ளினாள். ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. சின்னண்ணன் மறுபடி ஓஸை வைத்தார். முள் நூறைத் தொட்டு அங்கேயே நின்றது.

காரில் கருப்பண்ணன் ஓட்டுகிற பக்கம் உட்கார்ந்தார். இவ்வளவு தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து பழகாதவர், முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. அவள் தன் பக்கம் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பச் சொன்னாள். முன்பக்க ஸ்விட்சுகளை அழுத்தினாள். மூக்கு எழும்பியது. பின்பக்கத்தை அழுத்தினாள். தரையை விட்டு நான்கு விரல் உயரம் வந்து நின்றது. வெளியே பந்தல்காரன் "அட" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுச் சாவு வீடு என்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கருப்பண்ணன் பின்னுக்கு எடுத்தார். கேட்டுக்கு வெளியே சாக்கடைமேல் போட்ட கல் மேடாக இருந்தது. கார் அடியில் உரசுமோ என்ற பயத்தில் அவர் பிரேக்கை மிதித்தார்.

"தூக்கு அம்மிணி" என்றார்.

அவர் என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. அவள் கை அதுவாகப் போய் ஸ்விட்சை அழுத்தியது. கார் இன்னும் இரண்டு விரல் எழும்பி மேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது. தனப்பிரியா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நேற்றிலிருந்து வராத அழுகை மொத்தமும் வந்தது. கருப்பண்ணன் இஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வாசலில் பெண்கள், இப்போதாவது அழுதாளே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் அதன் போக்கில் நடந்தது. தென்னங்கீற்றுப் பந்தல் எழுந்தது. நீர்மாலை வந்தது. குளிப்பாட்டினார்கள். அவள் அண்ணன் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவந்து அவளுக்குப் போர்த்தினான். தலைவாசல் வழியாகவே மணிமாறன் போனான். பெண்கள் தெருமுக்கு வரை நடந்துபோய் நின்று, திரும்பினார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஐஸ் பெட்டிக்காரர்கள் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அதன் மோட்டார் சத்தமும் அதோடு போயிற்று. சுற்றிலும் பத்துப் பெண்கள் இருந்தார்கள். யாருடைய மகளுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தலை ஈரம் காயாமல் அவள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமையும் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மூன்று மணிக்கு மேல் சுடுகாட்டிலிருந்து ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். லாரி பள்ளிபாளையத்தில் லோடு ஏற்றப் போக வேண்டும். சின்னண்ணன் கிளம்புகிற அவசரத்தில் ஓஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். தெருவோரம் நின்ற காரின் பின்சக்கரத்துப் பக்கம் குந்தி, டயரைத் தட்டிப் பார்த்து, வால்வு மூடியைக் கழற்றி விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். புஸ்ஸென்றது.

தனப்பிரியா எழுந்து தெருவுக்கு ஓடி வந்தாள்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க அம்மிணி. டயருல காத்துக் கொறைஞ்சு கெடக்குதுங்க. எப்பவோ புடிச்ச காத்தாட்ட இருக்குது. எறக்கிப்போட்டுப் புதுசாப் புடிச்சு உட்டரட்டுங்களா? லாரி இங்கயேதான் நிக்குது, அஞ்சு நிமிசம்."

"வேண்டாமுங்க."

"இல்லீங்க, இப்படியே நின்னா டயரு..."

"வேண்டாமுங்கண்ணா. அது அப்படியே இருக்கட்டும்."

அவர் கையிலிருந்த மூடியை வாங்கிக்கொண்டு அவள் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூடியை வால்வில் வைத்து, திருகு முடிகிற வரைக்கும் திருகினாள். பிறகு எழுந்து காரைச் சுற்றிப் போய், மற்ற மூன்று சக்கரங்களிலும் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.