மாவுமணிக்கு நடுவில் ஓர் ஆள்

அர்த்தநாரி இருபத்திரண்டு வருடமாக ஓர் உருளைக்கிழங்குக்குள் எழுத்தராக இருந்தார். பதினேழாம் அறை. இலையிலிருந்து இறங்கிவரும் சர்க்கரை கரைந்தோடிவிடாமல் மாவாக்கி அடைத்து வைப்பதுதான் அலுவலகத்தின் வேலை.

இத்தனை வருடத்தில் அவருக்கு யாரும் ஒரு பொன்னாடை போர்த்தியதில்லை. "ஒரே ஒரு சால்வையோட வீட்டுக்கு வாங்க, அப்பறம் பேசலாம்" என்று மனைவி நாகரத்தினம் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. மாவு தானாகத் திரளாது. நடுவில் ஓர் ஆள் நின்றால்தான் சுற்றிலும் படிந்து மணியாகும். அறைக்கு ஒருவர் மட்டும். இருவர் நின்றால் இரண்டு மணியும் சிறுத்துவிடும்.

"நானே நிக்கறனுங்க" என்றார் அர்த்தநாரி.

"பெரிய மனசுங்க உங்களுக்கு" என்று அதிகாரி பொன்னுரங்கம் முதல் சால்வையைப் போர்த்தினார். மாவுச் சால்வை. சரிகை வைத்தது.

"வீட்ல காட்டிட்டு வந்தரட்டுங்களா?"

"இன்னும் அறுபது பேர் பேச வேண்டியிருக்குங்க."

தினம் ஒருவர் வந்தார். தன்னைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில் அர்த்தநாரியின் பெயரைச் சீட்டில் பார்த்துப் படித்துவிட்டுப் போர்த்தினார்.

பத்தாம் நாள் அர்த்தநாரி விடுப்புக் கேட்க வலது கையைத் தூக்கினார். மாவின் வட்டம் கெட்டது. கத்தரிக்காரர் வந்தார்.

"துருத்தறத வெட்டுனாத்தான் அடுத்த அடுக்கு ஒழுங்கா ஒக்காரும். இல்லீன்னா கூழாயிருமுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு முழங்கையோடு வெட்டினார். துண்டை வீணாக்கவில்லை. மறுநாள் சால்வையில் சேர்த்துவிட்டார்கள்.

முப்பதாம் நாள் நாகரத்தினம் வந்தாள். மணி கூரையைத் தொட்டிருந்தது.

"ஏனுங்க, உள்ள இருக்கறீங்களா?"

"இருக்கறேன் நாகு. சால்வையெல்லாம் பாத்தியா?" குரல் மாவைத் தாண்டவில்லை.

அவள் பொன்னுரங்கத்திடம் திரும்பினாள். "எப்பங்க வீட்டுக்கு அனுப்புவீங்க?"

"கெழங்கு மொளைக்கட்டுங்க. வெளியிலிருந்து ஒவ்வொரு சால்வையாக் கரைச்சு மொளைக்குக் குடுத்துருவோம்."

"உள்ள அவரு?"

"உள்ள ஆள் இருந்ததா எந்தக் கெழங்குலயும் ரெக்கார்டு இல்லீங்கம்மா."

பின்னால் போர்த்தக் காத்திருந்தவர்களின் வரிசை முணுமுணுத்தது. ஊரே போர்த்துகிற இடத்துக்கு வெறுங்கையோடு வருவது எப்படி என்று அவளும் ஒரு சால்வை வாங்கி வந்திருந்தாள். பிரித்து, சுருக்கமில்லாமல் போர்த்தினாள்.

"அப்படியே கேமராவப் பாருங்கம்மா" என்றார் பொன்னுரங்கம்.

கைதட்டல் உள்ளே வரை கேட்டது. அர்த்தநாரி நெகிழ்ந்துபோனார். மிச்சமிருந்த கையை வணக்கத்துக்காக மெல்ல உயர்த்தினார்.

மணியின் ஓரத்தில் ஒரு சிறு மேடு எழுந்தது. கத்தரிக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.