இடது காது யாரிடம்?

பிறர் வீட்டு விஷயத்தில் நான் மூக்கை நுழைப்பதில்லை. எங்கள் மாடியில் இருப்பது இரண்டே வீடு, நடுவில் ஒரே சுவர், அதுவும் அப்பளக் கனம். விஷயங்கள் தாமாகவே நடந்து வந்து என் காதில் உட்கார்ந்துகொள்கின்றன. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பக்கத்து வீட்டின் முன்னறையில் ஒரு பியூட்டி பார்லர். ஒரு சுழல் நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, உறுமுகிற டிரையர், அதைவிடச் சத்தமாகச் சிரிக்கிற பார்லர்காரி. அவள் கணவரை நாங்கள் காதுக்காரர் என்போம். காதில் மாட்டுகிற சாமான்களை விற்கும் ஒரு கம்பெனி, புதிதாக வருகிறவற்றை முதலில் இவருக்குத்தான் அனுப்பும். இவர் மாட்டிக் கேட்டுவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று எழுதிக் கொடுப்பார். பாட்டுக் கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதனாலேயே அவர்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்து ஒரு கண்.

அன்றைக்குப் புருவம் திருத்திக்கொள்ளப் போயிருந்தேன். வலது புருவம் முடிந்திருந்தது. இடது புருவம் புதராகக் கிடந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பார்லர்காரி நூலைக் கீழே வைத்துவிட்டு வாசல் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்?"

அவள் ஏனோ என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து இரண்டு குட்டி டப்பாக்களை எடுத்தாள். சோப்புக்கட்டியில் பாதி அளவு, வழவழவென்று வெள்ளை நிறம்.

"அவரு இப்ப பாத்துக்கிட்டிருக்கிற இயர்பட்ஸ். வயரே கிடையாது. வெளிச்சத்தம் உள்ள வராம அடக்கிடுமாம். ரெண்டு செட்டு வந்துச்சு. தொறந்து பாருங்க."

திறந்தேன். முதல் டப்பாவில் வலது காதுக்கானது மட்டும் சமர்த்தாகப் படுத்திருந்தது. இடது பள்ளம் காலி. இரண்டாவதிலும் அதே கதை.

"சார்ஜ் போட்டிருப்பாரு..."

"அந்த டப்பாவுலதான் அக்கா சார்ஜே ஏறும். வலது ரெண்டும் வீட்டுல இருக்கு. இடது ரெண்டும் யார் காதுல இருக்கு?"

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நாங்க பஸ்ஸுல அப்படித்தான் போவோம். அவருக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது, ஒரே பாட்டு. அப்பவாவது வயர் இருந்துச்சு. அந்த முனையில யாரு உக்காந்திருக்கான்னு பாத்தாலே தெரியும். இப்ப வயரும் இல்ல. எவ எங்க உக்காந்து கேக்குறாளோ?"

அப்புறம் கொட்ட ஆரம்பித்தாள். கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். போன் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வலது காதில் வைத்து அழுத்திப் பேசுகிறாராம். இத்தனை வருஷமாக ஜன்னல் பக்கம் படுத்தவர், திடீரென்று ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் மாறிவிட்டாராம். கேட்டால் ஃபேன் சத்தமாம்.

"சனிக்கிழமை எங்க அண்ணன் வர்றாரு. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். ஒண்ணும் இல்லைன்னா டீயைக் குடிச்சிட்டு அவரு பாட்டுக்குப் போகட்டும். இருந்துச்சுன்னா நானும் பெட்டியோட அண்ணன்கூடக் கிளம்பிடுவேன். திரும்பி வர மாட்டேன்."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை ஏற்கெனவே வெளியே இழுத்துத் தூசி தட்டி வைத்திருந்தாள். நாற்காலியிலிருந்தே உள்ளறைக் கதவு வழியாக எனக்குத் தெரிந்தது.

சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் வாயைத் திறந்தேன். "போன வாரம் பால்கனியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேனா... கீழ ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல வந்துச்சு. கண்ணாடி போட்ட பொண்ணு. உங்க வீட்டுக்காரரு ஓடிப்போய்ச் சின்னதா ஒரு பொட்டலம் குடுத்தாரு. அது சிரிச்சிக்கிட்டே வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கிச்சு. நான் சரியாப் பாக்கல."

பார்லர்காரி மறுபடி எடுத்த நூல் கையிலேயே அறுந்தது. அன்று என் இடது புருவம் புதராகவே வீட்டுக்கு வந்தது.

வருகிற வழியில் கீழ் வீட்டு அத்தையிடம் லேசாக ஒரு வார்த்தை போட்டேன். ஊருக்கே அத்தை அவர். ஆலோசனை கேட்கத்தான் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கொரியர் ஆள் படியேறி வந்தார். அதே அளவில் மூன்றாவது டப்பா. அரை மணிக்குள் சுவரில் மூன்று தட்டு விழுந்தது. அது பார்லர்காரிக்கும் எனக்கும் உள்ள ஏற்பாடு. தலையை அவசரமாக நனைத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். திட்டம் எளிமையானது. டிரையர் சத்தத்தில்தான் காதுக்காரர் இந்தச் சாமானைச் சோதிப்பார். அவர் சோதிக்கும்போது நாங்கள் அவரைச் சோதிப்பது.

காதுக்காரர் பனியனோடு வந்து நின்றார். புது டப்பாவைத் திறந்து, ரப்பர் மூடியை ஊதி, இரண்டையும் காதில் பொருத்தித் திருகினார். பிளம்பர் குழாய் மாட்டுகிற நேர்த்தி.

"டிரையரைப் போடு."

என் தலைக்கு மேல் அது உறுமத் தொடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சபாஷ்! சத்தத்தை அப்படியே முழுங்கிடுச்சு. பாட்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா..." முகம் சுளித்தது. "இதுலயும் இடது பக்கம் மந்தம். சனியன், மறுபடியும் திருப்பி அனுப்பணும்."

டிரையர் நின்றது. "மறுபடியும்னா?"

"முதல் ரெண்டு செட்டோட இடதும் மந்தம்னு சொல்லி அனுப்பிச்சேனே. ஆபீஸ்லேருந்து ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல வந்து வாங்கிட்டுப் போச்சே."

அவர் போக்கில் சொல்லிவிட்டார். நானும் பார்லர்காரியும் கண்ணாடி வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேட்காமலேயே வருகிற பதிலை நான் நம்புவதில்லை.

"நல்லா இருக்கே கதை," என்றாள் அவள். "மூணு டப்பாவுலயும் இடது மட்டுமா கெட்டுப்போகும்? செய்யிறவன் என்ன, வலது செய்யும்போது முழிச்சிக்கிட்டு, இடது செய்யும்போது தூங்கிடுவானா?"

"அதைத்தாம்மா நானும் எழுதியிருக்கேன். அந்தக் கம்பெனிச் சரக்கே சரியில்ல."

"அக்கா, நீங்க போட்டுப் பாருங்க."

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு வாங்கினேன். பொய் சொல்லக் கூடாது, போட்டதும் அறை அப்படியே அமுங்கிப்போனது. ஃபேன் சுற்றியது, சத்தம் இல்லை. தெருவில் போன லாரி பஞ்சுமூட்டை மாதிரிப் போனது. பாட்டு மண்டைக்கு நடுவில் உட்கார்ந்து பாடியது. இடது, வலது இரண்டும் சமம். கழற்றி அவளிடம் கொடுத்தேன். அவளும் போட்டுப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

"எனக்கும்தாம்மா," என்றேன் நான்.

காதுக்காரர் எங்களைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "உங்களுக்கெல்லாம் அந்த வித்தியாசம் பிடிபடாதுக்கா. இதுக்குப் பழகின காது வேணும்."

பார்லர்காரி குமிழ்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். என் காதோரம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "பாத்தீங்களா? நல்லா இருக்கிற சாமானைக் கெட்டதுன்னு சொல்லிச் சொல்லி அவளை வீட்டு வாசலுக்கு வரவழைக்கிறாரு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தக் கணத்தில் பெட்டி பாதி மூடிவிட்டது போலவே இருந்தது.

ஆனால் வாடிக்கையாளர் முகத்தைத் தொட்டே தோல் எப்படி என்று சொல்கிற கை அவளுடையது. சோதிக்காமல் விடாது. இடது காதுக்கான குமிழை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அவருடைய வலது காதில் வைத்து அழுத்தினாள்.

"இது மந்தமா?"

"இது... இல்லையே. ஜோரா கேக்குதே. வலதைத்தானே வெச்சிருக்கே?"

 வலது காதுக்கானதை எடுத்து அவருடைய இடது காதில் வைத்தாள்.

"இது?"

அவர் தலையைச் சாய்த்தார். "இதுதான் நான் சொன்ன இடது. இந்த மந்தத்தைத்தான் சொன்னேன்."

பார்லர்காரி குமிழ்களை எடுத்துவிட்டு, உள்ளங்கையால் அவருடைய வலது காதைப் பொத்தினாள். அவர் பின்னால் போய் நின்று, இடது காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். நான் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவள் கிசுகிசுத்தது எனக்கு ஓர் எழுத்து விடாமல் கேட்டது.

"அந்த ஸ்கூட்டர்காரி யாரு? எத்தனை நாளா நடக்குது?"

கண்ணாடியில் காதுக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருட்டு முழி வரும், தொண்டைக்குழி ஏறி இறங்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, வெட்கம் கலந்த ஒரு சிரிப்போடு நின்றார். பிறகு சொன்னார்:

"என்னமோ சொல்ல வந்தியே, சொல்லேன். அக்கா எதிர்ல சும்மா காதுல மூச்சு விட்டுக்கிட்டு நிக்கிற."

பார்லர்காரி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். குற்றம் செய்தவன் எத்தனை பெரிய நடிகனாக இருந்தாலும் அந்தச் சிரிப்பு வராது.

அவள் கையை எடுத்துவிட்டு, சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள். "என்னங்க, நான் இவ்வளவு நேரம் பேசினேன். உங்களுக்குக் கேக்கலையா?"

சிரிப்பு மெதுவாக இறங்கியது. அவர் ஆள்காட்டி விரலால் வலது காதை மூடிப் பார்த்தார். எடுத்தார். மறுபடி மூடினார். பிறகு நான் சட்டென்று எழுந்து இடம் விட்ட நாற்காலியில், ஈரத் துண்டின்மேலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்ப பட்ஸுல தப்பே இல்லையா?"

 டப்பாவைச் சந்தேகப்பட்டார், கம்பெனியைச் சந்தேகப்பட்டார், ஃபேனைச் சந்தேகப்பட்டார். தொழில்நுட்பம் பேசும் அந்த மனிதருக்குத் தம் காதைச் சந்தேகப்பட மட்டும் தோன்றவில்லை.

"காதே போச்சுன்னா நான் எதை வெச்சுப் பொழைக்கிறது? இதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?" இடது காதைத் தேய்த்துக்கொண்டார். "படுக்கையில நீ பேசுறது சரியா விழல. ஃபேன்தான் அமுக்குதுன்னு நினைச்சேன். சுவர்ப் பக்கம் வந்து, நீ என் வலது பக்கம் ஆனப்புறம்தான் உன் பேச்சு முழுசாக் கேட்டுச்சு. அதான் அங்கேயே படுத்துக்கிட்டேன்."

பார்லர்காரி அவருக்கு அடியிலிருந்த துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் தலை துவட்டிய துண்டு அது.  அவள் கதவில் 'இன்று விடுமுறை' அட்டையைத் தொங்கவிட்டாள். அவர் சட்டையை அவளே எடுத்து வந்து மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். நான் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தேன். புருவத்தைப் பற்றிப் பேசுகிற நேரமில்லை அது.

அவர்கள் திரும்பி வரும் வரை பால்கனியில்தான் இருந்தேன். காயப்போடத் துணி எதுவும் இல்லை என்றாலும் இருந்தேன். சாயங்காலம் வந்தார்கள். பார்லர்காரி தெருமுனையிலேயே சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாராம். அழுக்கு உருண்டு திரண்டு கூழாங்கல் மாதிரி அடைத்துக்கொண்டிருந்ததாம். "காதுக்குள்ள நாள் முழுக்க எதையாவது செருகி வெப்பீங்களா?" என்று கேட்டாராம். "அதான் டாக்டர் என் தொழிலே," என்றாராம் இவர். தண்ணீர் பீய்ச்சி எடுத்ததும் இவர் முதலில் சொன்னது, "யாரு இப்படிக் கத்துறது?" என்பதாம். நர்ஸ் பக்கத்து அறையில் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தாளாம்.

சனிக்கிழமை அண்ணன் வந்தார். டீயைக் குடித்தார். வந்த பையோடு தனியாகவே திரும்பிப் போனார். பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. என் இடது புருவமும் ஒருவழியாக மனிதப் புருவம் ஆனது.

திங்கட்கிழமை அந்த ஸ்கூட்டர்காரியே படியேறி வந்தாள். நான் அப்போது தற்செயலாக வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். திருப்பி அனுப்பிய இரண்டு இடதுகளும் ஆபீஸில் நன்றாகவே பாடுகின்றன என்றும், இவர் மேலேயே அங்கே சந்தேகம் கிளம்பிவிட்டது என்றும் சொன்னாள். "சரக்குல தப்பில்லம்மா, எல்லாம் என் காதுல," என்று காதுக்காரர் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியே மூக்கிலிருந்து நழுவியது. இனி எதையும் எழுதுவதற்கு முன்னால் டாக்டரிடம் காதைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதோடு விஷயம் முடிந்தது. பார்லர்காரி அவளுக்கு இலவசமாகப் புருவம் திருத்தி அனுப்பினாள். எனக்கு ஒருநாளும் இலவசம் கிடையாது.

இதோடு நான் நிறுத்தியிருப்பேன். ஆனால் மறுநாள் காதுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்களும் போட்டுப் பாத்தீங்கல்ல? எழுதி முடிச்சிட்டேன். படிக்கிறேன், சரியான்னு சொல்லுங்க."

தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார்: "இடது, வலது இரண்டும் சமமான தரம். ஃபேன், டிரையர், வண்டிகளின் இரைச்சல் மிக நன்றாக அடங்குகிறது. மனிதக் குரல் மட்டும் முழுவதும் அடங்குவதில்லை. மெல்லிய சுவர் உள்ள வீடுகளில், மாடியிலிருந்து கீழ் வீட்டுக்குப் போகும் செய்திகள் இதைப் போட்டுக்கொண்டாலும் தெளிவாகக் கேட்கின்றன."

பார்லர்காரி டிரையரைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யாரை நினைத்து அப்படி எழுதினார் என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை. எங்கள் கட்டடத்தில் அப்படிப்பட்டவர்கள் யாரும் கிடையாது. கீழ் வீட்டு அத்தை மேல்தான் எனக்கு ஒரு சந்தேகம். இப்போதே இறங்கிப் போய் மெதுவாக விசாரிக்க வேண்டும். மெதுவாக என்றால், ரொம்ப மெதுவாக.