வாறன்

வீங்கிய காலில் சப்பாத்து ஏறவில்லை. நேசமலர் கட்டிலின் கால்மாட்டில் குந்தியிருந்து லேஸை உருவிக்கொண்டிருந்தாள். நாளைக் காலை வாகனம் வந்து புருசனை எசன் நகரத்துக்கு, வீட்டுக்குக் கொண்டுபோகும். வெறுங்காலோடு இங்கிருந்து வெளிக்கிட ஏலாது என்று நித்தியானந்தன் ஒற்றைக்காலில் நின்றார். இப்போது அவரால் நிற்க முடிந்த ஒரே விதம் அதுதான்.

லேஸ் முழுதாகக் கையோடு வந்ததும் அவருடைய முகம் மாறியது.

"அப்ப என்னை விடமாட்டினம், என்ன?"

"என்னப்பா கதைக்கிறியள்?"

"லேஸைக் கழட்டினால் உள்ளுக்குப் போடுறாங்கள் எண்டு கருத்து. விடேக்கைதான் திருப்பித் தருவாங்கள்."

அவர் பிதற்றவில்லை. இது இப்போது கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லம். அதற்கு முதல் கம்பளக் கடை. அதற்கும் முதல், ஹொலண்ட் எல்லையால் ஜெர்மனிக்குள் கோப்பி கடத்தியவர்களையும், பிறகு தங்களையே கடத்திக்கொண்டு வந்தவர்களையும் அடைத்துவைத்த மறியற் சிறை. எண்பத்தைந்தில் நித்தியானந்தன் இரண்டாம் வகை. எல்லை திறந்ததும் ஆள் வரத்துக் குறைந்து, கட்டடம் வேறு தொழில் தேடவேண்டி வந்தது. சுவருக்கு மஞ்சள் பூசினார்கள். கதவுகளுக்கு உள்பக்கமும் கைபிடி வைத்தார்கள்.

எசனில் இடமில்லாமல் மகன் சுலக்ஷன் அலைந்து பிடித்த இடம். இதுதான் அந்த மறியல் என்று அவனுக்குத் தெரியாது. படுத்தபடியே வந்து இறங்கிய நித்தியானந்தன் வளைந்த கூரையை அடையாளம் கண்டு சிரித்தார். பிழை தன்னுடையதுதான் என்றார்.

அந்தப் பிழையின் கதையை அவர் சொல்லாத கலியாண வீடு எசனில் இல்லை. விடுதலையான அன்று வாசற் காவலாளி 'மறுபடி பார்ப்போம்' என்று ஜெர்மன் முறைப்படி வழியனுப்பினானாம். இவரும் முறையாக வளர்ந்த பிள்ளை. 'போறன்' என்று சொல்லலாமா? தெரிந்த அரை ஜெர்மனில் "இஷ் கொம்ம" என்றாராம். வாறன். காவலாளி தொப்பி விழச் சிரித்தானாம். செத்தவீட்டிலும் மறியலிலும் மட்டும் அந்தச் சொல் ஆகாது என்பது, தெருவுக்கு வந்த பிறகுதான் இவருக்கு ஞாபகம் வந்ததாம்.

ஆனால் இங்கே வந்த அன்று, சிரித்து முடித்த பிறகு, நேசமலரின் கையைப் பிடித்துச் சொன்னார்: "இதுக்குள்ள மட்டும் என்னைச் சாகவிட்டிடாதையும்."

அதில் பகிடி இல்லை. அவள் எல்லாரிடமும் கெஞ்சி வாங்கிய திகதி, அந்த டெர்மின்தான், நாளைக் காலை.

மத்தியானம் மூச்சின் சத்தம் மாறியது. தாதி குனிந்து கேட்டுவிட்டு, நேசமலரின் தோளில் கை வைத்தாள். நேசமலர் ஒழுங்கைபோல் நீண்ட நடைபாதைக்குப் போய், இன்றைக்கே வரமுடியுமா என்று வாகனக்காரருக்கு ரெலிபோன் எடுத்தாள். மிகவும் மரியாதையாக, ஏலாது என்றார்கள். அவளும் மரியாதையாக நன்றி சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

திரும்பி வந்தபோது அவர் கண்ணைத் திறந்தார்.

"தந்திட்டாங்களோ?"

லேஸ் இன்னும் அவளுடைய உள்ளங்கையில் சுருண்டு கிடந்தது. விரித்துக் காட்டினாள்.

"ஓமப்பா. தந்திட்டாங்கள். இஞ்ச பாருங்கோ."

"அப்ப வெளிக்கிடுவம்" என்றார்.

பிறகு மூச்சு வந்தது. கனநேரம் கழித்து இன்னொன்று. அதன் பிறகு அவள் காத்திருந்தாள்.

தாதி ஜன்னலைத் திறந்துவிட்டாள். உயிர் போவதற்காம், அது அவர்களுடைய வழக்கம். ஜன்னற் கல்லில், அறுத்தெடுத்த கம்பிகளின் அடிகள் வரிசையாகத் தெரிந்தன. உங்கள் வழக்கத்துக்கு ஏதாவது தேவையா என்று மெல்லக் கேட்டாள்.

கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டவேண்டும் என்றாள் நேசமலர். தாதி பண்டேஜ் துணி கொண்டுவந்தாள். நேசமலர் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

கால்மாட்டில் பழையபடி குந்தினாள். இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து லேஸைச் சுற்றினாள். இறுக்கவில்லை. முடிச்சுப் போடப்போன கை ஒருகணம் நின்றது. பிறகு, சின்னப்பிள்ளையின் சப்பாத்துக்குக் கட்டுவதுபோல், ஒரு நுனியை இழுத்தால் அவிழும்படி கட்டிவிட்டாள்.